வயல் வடிநீரில் பூச்சிமருந்து: "கண்டறியப்படவில்லை" என்ற அறிக்கையை எப்படிப் படிப்பது?

வடிகாலில் மீன்கள் செத்து மிதந்தால் அடுத்து நடப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். சில நாள்கள் கழித்து, "பூச்சிக்கொல்லி எச்சம் கண்டறியப்படவில்லை" என்றோ "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்றோ அறிக்கை வருகிறது. மீன் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை நம்புவதில்லை. ஆய்வகத்தில் இருப்பவரோ கருவி காட்டியதைத்தான் எழுதியிருக்கிறார். இருவருமே உண்மை பேசியிருக்க முடியும்.

எங்கே, எப்போது, எந்த மருந்தை, எவ்வளவு நுட்பமாகத் தேடினார்கள் என்ற நான்கும் தெரியாமல் ஒரு அளவீட்டுக்குப் பொருள் கிடையாது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. அளந்து வந்த எண், வயலின் மடையில் எதையாவது மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கண்காணிப்பு என்பது கோப்பு சேர்க்கும் வேலையாகவே நின்றுவிடும்.

அடிப்படைச் சொற்கள்

விவசாயிகள் "மருந்து" என்று சொல்வதில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி எல்லாம் அடக்கம். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான். நெல் வயல்களைப் பொறுத்தவரை முதலில் கவலைப்பட வேண்டியது களைக்கொல்லியைப் பற்றி. நடவு முடிந்த சில நாள்களில், பயிர் இன்னும் மூடாத நிலையில், தேங்கிய தண்ணீரிலேயே அது நேராக இடப்படுகிறது.

வடிநீர் என்பது வயலுக்குப் பாய்ந்ததில் மிஞ்சியதும், மழையில் வழிந்ததும், வரப்பில் கசிந்ததும் சேர்ந்து வடிகாலுக்குப் போகும் நீர். ஆலைக் கழிவுநீருக்கு ஒரு குழாய்வாய் இருக்கும். அங்கே போய் அளக்கலாம், பூட்டலாம், வழக்குப் போடலாம். வடிநீருக்கு ஆயிரக்கணக்கான மடைகள். இந்தச் சிக்கலுக்குச் சட்டங்களும் தப்பவில்லை. அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1977 திருத்தத்தில் பாசன வடிநீரை, உரிமம் பெற வேண்டிய கழிவு வாய்களின் பட்டியலிலிருந்தே விலக்கிவிட்டது.

அளவு பற்றி ஒரு வரி: இங்கே எல்லாம் மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராம் என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆங்கில எழுத்துகளால் பிபிபி என்று செய்திகளில் வருவது இதுதான்.

வயலை விட்டு மருந்து வெளியேறும் வழிகள்

1. மடையைத் திறந்து வடிப்பது. மருந்து இட்ட இரண்டாம் நாளே வடித்தால் போட்டதில் பெரும் பகுதி வடிகாலுக்குப் போகும்.

2. கசிவு. மடையை நன்றாக அடைத்திருந்தாலும் வரப்பில் ஒரு நண்டு வளை போதும். வயல் பக்கம் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே விரல் நுழையும் அளவு துளை; மறுபக்கம் வாய்க்கால் சரிவில் ஈரம் மினுங்கும், பிறகு மெல்லிய ஒழுக்கு. இரவு முழுதும் ஒழுகினால் காலையில் வயலில் நீர் இறங்கியிருக்கும். களைக்கொல்லி வேலை செய்யாமல் போவதற்கும் வடிகால் கெடுவதற்கும் ஒரே வளைதான் காரணம்.

3. மழை. இதை மனிதன் நிறுத்த முடியாது. மருந்து இடும் நாளைத்தான் தள்ளிப்போட முடியும்.

4. காற்று. தெளிக்கும்போது திவலைகள் பக்கத்து வாய்க்காலில் நேரடியாக விழுவது.

5. தெளிப்பானையும் காலி டப்பாவையும் வாய்க்காலில் கழுவுவது. சிறிய விஷயமாகத் தோன்றும் இது எவ்வளவு பெரிது என்பதைக் கீழே பார்க்கலாம்.

வெளியேறிய பின் மருந்து எங்கே தங்கும் என்பது அதன் குணத்தைப் பொறுத்தது. இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி லிட்டருக்குச் சுமார் 600 மில்லிகிராம் வரை நீரில் கரையும். ஆகவே தண்ணீரோடு ஓடும். சைபர்மெத்ரின் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி லிட்டருக்குச் சில மைக்ரோகிராமுக்கு மேல் கரையாது. வண்டலில் ஒட்டிக்கொண்டு வடிகாலின் அடியில் படியும். சைபர்மெத்ரினைத் தெளிந்த தண்ணீரில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதுவது தவறான இடத்தில் தேடியதாகும்.

ஒரு ஏக்கர், அரை கிலோ

நெல்லுக்குப் பழகிய களைக்கொல்லியான பூட்டாகுளோரை எடுத்துக்கொள்வோம். பரிந்துரை ஹெக்டேருக்கு 1.25 கிலோ செயல்படு பொருள், அதாவது சரக்கில் கொல்லும் வேலையைச் செய்யும் பகுதி. ஏக்கருக்கு ஏறத்தாழ அரை கிலோ. மணலில் கலந்து, வயலில் இரண்டரை செ.மீ. நீர் நிற்கும்போது தூவுகிறார்கள். ஒரு ஏக்கரில் இரண்டரை செ.மீ. என்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர். அரை கிலோவும் கரைந்து நின்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 5,000 மைக்ரோகிராம்.

இந்தியக் குடிநீர்த் தரம், அதாவது ஐ.எஸ். 10500, பூட்டாகுளோருக்கு வைத்திருக்கும் வரம்பு 125 மைக்ரோகிராம். வயல் நீர் அதைப்போல் 40 மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லிக்கும் பொதுவாக வைத்திருக்கும் 0.1 மைக்ரோகிராம் வரம்போடு ஒப்பிட்டால் 50,000 மடங்கு.

உண்மையில் முழுவதும் கரைந்து நிற்பதில்லை. ஒரு பகுதி சேற்றில் ஒட்டும், ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் சிதைக்கும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். வயலுக்குள் நிற்கும் நாள்களே சுத்திகரிப்பு நிலையம். வடிநீர்ப் பிரச்சினையின் மையமும், பின்னால் வரும் கலிபோர்னியா அனுபவத்தின் மையமும் இந்த நாள்கள்தான்.

எந்த நேரத்தில் எடுத்த தண்ணீர்?

வடிகாலில் மருந்து நாள்தோறும் ஒரே சீராக ஓடுவதில்லை. மழை பெய்த சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் விரைவில் அடங்கிவிடும். மாதம் ஒருமுறை, அலுவலக நேரத்தில், பாலத்தடியில் ஒரு பாட்டில் எடுத்தால் அந்த உச்சம் பாட்டிலில் விழும் வாய்ப்பு மிகக் குறைவு.

எவ்வளவு தவறவிடுகிறோம் என்பதைச் சுவிட்சர்லாந்தின் ஈயாவாக் நீராய்வு நிறுவனம் 2019 இல் அளந்து காட்டியது. விவசாயப் பகுதியில் ஓடும் ஒரு சிற்றோடையின் கரையிலேயே நிறைமாலைமானியை (நீரிலுள்ள பொருள்களை அவற்றின் மூலக்கூறு நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) வைத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தார்கள். வழக்கமாக அங்கே மூன்றரை நாள் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒரே கூட்டு மாதிரியாக ஆய்வு செய்வார்கள். அந்தச் சராசரியோடு ஒப்பிட்டபோது, சில மருந்துகளின் குறுகிய உச்சம் 170 மடங்கு வரை அதிகமாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் முறையே இப்படித் தவறவிட்டால், மாதம் ஒரு பாட்டில் எதைப் பிடிக்கும்?

மீன் சாவிலும் இதே கதை. மீன் மிதக்கும்போது, அதைக் கொன்ற தண்ணீர் பல கிலோமீட்டர் கீழே போயிருக்கும். அதே சமயம், செத்த மீனெல்லாம் மருந்தால் செத்தது என்று சொல்லிவிடவும் கூடாது. அழுகும் வைக்கோலும் பாசியும் விடியற்காலையில் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிட்டால் மீன்கள் மூச்சுத் திணறியே சாகும். ஆகவே கரைந்த பிராணவாயுவை அந்த இடத்திலேயே அளந்து குறிக்காமல் வெறும் பாட்டிலை மட்டும் அனுப்பினால் பாதி விசாரணை அங்கேயே தொலைந்துபோகிறது.

பாட்டிலுக்கும் ஒழுங்கு உண்டு. வெயில் பட்டால் சில மருந்துகள் சிதையும். அதனால் பழுப்புக் கண்ணாடி பாட்டில். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தண்ணீர் பாட்டில் கூடாது. வாய் வரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பொதுவான நடைமுறையில் ஏழு நாள்களுக்குள் மருந்தை நீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். கூடவே, சுத்தமான நீர் நிரப்பிய ஒரு பாட்டிலும், தெரிந்த அளவு மருந்து சேர்த்த ஒரு பாட்டிலும் போக வேண்டும். முதலாவதில் மருந்து தெரிந்தால், வழியிலோ ஆய்வகத்திலோ வெளியிலிருந்து மருந்து கலந்திருக்கிறது. இரண்டாவதில் போட்டது திரும்பக் கிடைக்காவிட்டால் ஆய்வு கோட்டை விடுகிறது. இந்த இரண்டு பாட்டில்களின் முடிவு இல்லாத அறிக்கையை நான் முழு அறிக்கையாகக் கொள்ள மாட்டேன்.

யாருக்கான வரம்பு?

குழப்பத்தின் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லிக்கு ஐ.எஸ். 10500 வைத்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு ஆறுகளில், நீர்வாழ் உயிர்களைக் காக்க அதே மருந்துக்கு வைத்த குறுகிய நேர உச்ச வரம்பு 0.025 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே 1,200 மடங்கு.

இந்த இரு வரம்புகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதலாவது ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் குடிப்பதைக் கணக்கிட்டது. இரண்டாவது, அந்த நீருக்குள்ளேயே மூச்சுவிட்டு வாழும் இறால், நண்டு இனத்து மிகச் சிறிய ஓட்டுடலிகளைக் கணக்கிட்டது. "குடிநீர் வரம்புக்குள் இருக்கிறது" என்ற வாக்கியத்தை மீன் சாவுக்கான விளக்கமாகத் தருவது, கேட்ட கேள்விக்கு வேறொரு கேள்வியின் விடையைத் தருவதாகும்.

அடுத்தது "கண்டறியப்படவில்லை" என்பது. ஒவ்வொரு ஆய்வு முறைக்கும் ஒரு கண்டறியும் வரம்பு உண்டு. அதற்குக் கீழே இருப்பதைக் கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு ஆய்வகத்தின் வரம்பு 0.1 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் நீரில் குளோர்பைரிபாஸ் 0.09 இருந்தால், அறிக்கையில் "இல்லை". நீர்வாழ் உயிர்களுக்கான வரம்பைப்போல் மூன்றரை மடங்கு. அந்த மருந்தைத் தேடவே இல்லை என்றாலும் அறிக்கையில் அது இருக்காது. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

தெளிப்பானைக் கழுவும் விஷயத்துக்கு இப்போது திரும்பலாம். 20 ஈ.சி. என்ற குறியீடு உள்ள குளோர்பைரிபாஸ் டப்பாவில் ஒரு லிட்டருக்கு 200 கிராம் செயல்படு பொருள். அதில் ஒரு தேக்கரண்டி, ஐந்து மில்லி, என்றால் ஒரு கிராம். ஒரு கிராம் குளோர்பைரிபாஸ் நான்கு கோடி லிட்டர் நீரை 0.025 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுபோகும். காலி டப்பாவின் அடியில் தங்குவது இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே அறிக்கை எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டியவை:

1. மாதிரி எடுத்த நாளும் மணியும் என்ன? அதற்கு முன் மழை எப்போது, மடைகள் எப்போது திறந்தன?
2. எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள்? அந்தப் பருவத்தில் அந்த வட்டாரக் கடைகளில் விற்றவை அந்தப் பட்டியலில் உண்டா?
3. ஒவ்வொன்றுக்கும் கண்டறியும் வரம்பு என்ன?
4. ஒப்பிட்ட வரம்பு குடிநீருக்கானதா, நீர்வாழ் உயிர்களுக்கானதா?
5. தண்ணீரை மட்டும் பார்த்தார்களா, வண்டலையும் பார்த்தார்களா?

உயிரை வைத்தே சோதிப்பது

ஆயிரக்கணக்கான மருந்துச் சரக்குகள் சந்தையில் இருக்கும்போது ஒவ்வொன்றாகத் தேடுவது கட்டுப்படியாகாது. அதனால் எதிர்த்திசையிலிருந்து தொடங்கும் ஒரு முறை வளர்ந்தது. வடிகால் நீரை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அதில் செரியோடாஃப்னியா என்ற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நீர்ப்பூச்சியை விட்டு எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பது. பெயர் தெரியாத மருந்தாக இருந்தாலும், பல மருந்துகள் சேர்ந்து நஞ்சானாலும், இது காட்டிக்கொடுக்கும்.

1993 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் ஆற்றில், வெர்னாலிஸ் என்ற இடத்தில் தினமும் எடுத்த நீரில் தொடர்ந்து 12 நாள்கள் இந்த நீர்ப்பூச்சிகள் செத்தன. காரணம், பாதாம் போன்ற பழமரத் தோட்டங்களில் மரங்கள் இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலத்தில் அடித்த டயசினான் என்ற பூச்சிக்கொல்லி. பின்னால் வந்த மழை அதை ஆற்றுக்கு அடித்து வந்தது. ஒரு சிறு ஓடையில் நடந்ததல்ல இது. பெரிய ஆறு ஒன்றே அந்த 12 நாள்களும் நஞ்சாக ஓடியது.

எந்த மருந்து கொன்றது என்பதைத் துப்பறியும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிப்பரோனில் பியூட்டாக்சைடு என்ற பொருளை அந்த நீரில் சேர்க்கிறார்கள். பூச்சியின் உடலில் மருந்துகளை மாற்றியமைக்கும் நொதிகளை அது தடுக்கும். டயசினான், குளோர்பைரிபாஸ் போன்ற கரிமப் பாஸ்பேட் மருந்துகள் அந்த நொதிகளால் மாற்றப்பட்ட பிறகே கடும் நஞ்சாகின்றன. ஆகவே நொதியைத் தடுத்தால் பூச்சி பிழைக்கும். பைரித்ராய்டு மருந்தையோ அதே நொதிகள்தான் சிதைக்கின்றன. தடுத்தால் பூச்சி இன்னும் வேகமாகச் சாகும். ஒரே பொருள், எதிரெதிரான இரண்டு விடைகள். பிறகு அந்த வகை மருந்தை மட்டும் கருவியில் தேடினால் போதும்.

சாக்ரமென்டோ: நெல் வயல்களிலிருந்து நகரத்துக் குழாய் வரை

வடிநீர்க் கண்காணிப்பு வயலில் எதையாவது மாற்றியதற்கு நான் அறிந்தவற்றில் தெளிவான சான்று, கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கு. அங்கே ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏக்கரில் நெல் விளைகிறது. களிமண் நிலம், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வயலில் நீர் கட்டி, ஊறவைத்த விதையை விமானத்தில் தூவுகிறார்கள். களைக்கொல்லிக் குருணைகளும் அப்படியே வானிலிருந்து விழும். ஒரு பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்கு இறங்கி, கடைசிப் பாத்தியிலிருந்து வடிகாலுக்குப் போகும். சாக்ரமென்டோ ஆற்றின் மேற்குக் கரை நெல் வயல்களின் வடிநீரைச் சேர்த்துச் செல்லும் கொலூசா வடிகால் நைட்ஸ் லேண்டிங் என்ற ஊரில் அந்த ஆற்றில் சேர்கிறது. அதற்குக் கீழே இருக்கிறது அந்த ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் சாக்ரமென்டோ நகரம்.

1980களின் தொடக்கத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வெடித்தன. மே, ஜூன் மாதங்களில் வடிகால்களில் கெண்டை இன மீன்கள் கூட்டமாகச் செத்தன; மோலினேட் என்ற களைக்கொல்லிதான் காரணம் என்று தெரிந்தது. அதே மாதங்களில் நகரத்தில் குழாய்த் தண்ணீர் கசக்கிறது என்று புகார்கள் வந்தன. அதற்குக் காரணம் தயோபென்கார்ப் என்ற இன்னொரு நெல் களைக்கொல்லி. சுத்திகரிப்பில் சேர்க்கும் குளோரின் அதைச் சல்பாக்சைடு என்ற வடிவத்துக்கு மாற்ற, கசப்பு வந்தது. தாய் மருந்தை மட்டும் தேடுபவர், அது மாறிய வடிவத்தைத் தவறவிடுவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

தயோபென்கார்புக்குக் கலிபோர்னியா வைத்த வரம்புகளைப் பாருங்கள். குடிநீரில் உடல்நலத்துக்கு 70 மைக்ரோகிராம். சுவைக்காக மட்டும் 1. ஆற்றிலும் வடிகாலிலும் எட்ட வேண்டிய இலக்கு 1.5. மோலினேட்டுக்குக் குடிநீரில் 20, ஆற்று நீரில் 10. ஒரே பொருளுக்கு யாருக்காக என்பதைப் பொறுத்து வெவ்வேறு எண். ஒவ்வொன்றும் தன்னிடத்தில் சரி.

தீர்வு பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. மருந்து இட்ட பிறகு இத்தனை நாள் வயல் நீரை வெளியே விடக் கூடாது என்ற விதிதான். மோலினேட் நீர்ப்பரப்பிலிருந்து காற்றில் ஆவியாகிவிடும் தன்மை உடையது. நாள் கொடுத்தால் நீரில் மிகக் குறைவாகவே மிஞ்சும். தொடக்கத்தில் நிறுத்திவைக்கும் காலம் சில நாள்களே. ஆற்றிலும் வடிகாலிலும் வந்த அளவீடுகளைப் பார்த்து, போதவில்லை என்று தெரியத் தெரிய நீட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் மோலினேட்டுக்கு 28 நாள், தயோபென்கார்புக்கு 30 நாள் வரை வந்துவிட்டது.

1990 இல் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தர வாரியம் இதைச் சட்டமாகக் கட்டியது. மோலினேட், தயோபென்கார்ப், கார்போபியூரான், மாலத்தியான், மீத்தைல் பாரத்தியான் ஆகிய ஐந்தும் உள்ள வடிநீரை விடுவதே தடை. வாரியம் ஒப்புக்கொண்ட முறைகளைக் கடைப்பிடித்தால் மட்டும் விலக்கு. அளவீடும் பருவத்தோடு கட்டப்பட்டது: ஆண்டு முழுவதும் மாதம் ஒரு பாட்டில் என்று இல்லாமல், மருந்து இடும் வாரங்களிலும் வடிக்கும் வாரங்களிலும் நெருக்கமாக எடுத்தார்கள்.

விதி போட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெளியே விடாமல் வைத்திருக்கிறேன் என்று விவசாயி உண்மையாகவே சொல்ல, வடிகாலில் மருந்து தெரிந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் கசிவு. வடிகால் வாயில் பலகைகளை இறக்கியிருப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நீர் ஒழுகும். பிறகு வாயின் முன்னால் மண் கொட்டி அடைப்பதும், வரப்பை இயந்திரத்தால் இறுக்குவதும், கசிந்த நீரைப் பள்ளத்தில் சேர்த்து மறுபடியும் வயலுக்கே ஏற்றுவதும் நடைமுறைக்கு வந்தன. விமானம் தெளிக்கும்போது காற்றில் போகும் மருந்துக்கு வடிகால் ஓரத்தில் இடைவெளி விடச் செய்தார்கள். ஒவ்வொரு ஓட்டையையும் காட்டிக்கொடுத்தது வடிகாலில் எடுத்த அளவீடுதான். ஆற்றில் மருந்தின் அளவு முந்தையதில் ஒரு சிறு பங்காக இறங்கியது. கூட்டமாக மீன் சாவதும் நின்றது.

விவசாயிகள் மீது இது சுமையாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு மாதம் நீரை மாற்றாமல் வைத்திருந்தால் வெயிலில் உப்பு ஏறும், காற்றில் இளம்பயிர் சாயும். அதனால்தான் உண்மையான நெருக்கடியில் முன்கூட்டி வடிக்க அவசர அனுமதியும் வைத்திருந்தார்கள். அதை யார் கேட்டார்கள், ஏன் கொடுத்தோம் என்பதையும் பதிவு செய்தார்கள். மோலினேட்டின் பயன்பாடு அமெரிக்காவில் 2009 இல் முடிவுக்கு வந்தது.

மருந்து மாறும்போது பட்டியலும் மாற வேண்டும்

2003 முதல் கலிபோர்னியாவில் நெல்லைத் தாண்டி மற்றப் பாசன நிலங்களும் கண்காணிப்புக்குள் வந்தன. ஒவ்வொரு விவசாயியின் மடையிலும் அளக்காமல், ஒரு வடிநிலத்தின் விவசாயிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, பொது வடிகாலின் வாயில் அளக்கிறார்கள். மூன்று ஆண்டில் ஒருமுறைக்கு மேல் வரம்பு மீறினால், அந்த வடிநிலத்துக்கென மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். ஆளைப் பிடிக்காமல் வட்டாரத்தைப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டில், தப்பு செய்யாதவரும் சேர்ந்து செலவழிக்கிறார் என்ற குறை உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான மடைகளுக்கு வேறு வழி எளிதில் தெரியவில்லை.

இதற்கிடையில் டயசினான் போன்றவை குறைய, அவற்றின் இடத்தில் பைரித்ராய்டுகள் வந்தன. தண்ணீரில் நஞ்சு குறைந்தது என்று தெரிந்த அதே ஆண்டுகளில், வடிகாலின் அடிச்சேற்றில் ஹயலெல்லா என்ற சிறு ஓட்டுடலி செத்துக்கொண்டிருந்தது. பழைய பட்டியலோடு தேடியிருந்தால் கண்காணிப்பு வெற்றி என்று எழுதி முடித்திருப்பார்கள். குளோர்பைரிபாஸைக் கலிபோர்னியா 2020 முடிவில் ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்தியது.

காவிரி டெல்டாவில் இது எப்படிப் பொருந்தும்?

நெல், களிமண், தேங்கு நீர், களைக்கொல்லி என்று அடிப்படை ஒன்றே. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதபடி மூன்று வேறுபாடுகள் உண்டு.

1. மழை. சாக்ரமென்டோவில் மே மாதம் முதல் வானம் வறண்டிருக்கும். விவசாயி மடையை மூடினால் நீர் நிற்கும். இங்கே சம்பா நடவு முடியும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. அப்போது நீரை வடிப்பதுதான் பயிரைக் காப்பது. 28 நாள் நிறுத்து என்று யாரும் சொல்ல முடியாது. களைக்கொல்லி இட்ட இரண்டு நாளாவது வடிக்கக் கூடாது என்பது நம் பரிந்துரையிலேயே உள்ளது. அந்த இரண்டு நாளை, மழை முன்னறிவிப்பைப் பார்த்து இடும் நாளை முடிவு செய்வதோடு சேர்த்தால்தான் பயன்.

2. வடிகாலே பாசனமும். டெல்டாவில் ஒரு வயலின் வடிநீர் அடுத்த வயலின் பாய்ச்சல். பல ஆறுகள் மேலே பாசனத்துக்கும் கீழே வடிகாலுக்கும் ஆனவை. தலைமடையில் போட்டது கடைமடைக்குச் சேர்ந்துதான் வருகிறது. கடைமடை விவசாயி தன் வயலில் எதையும் போடாவிட்டாலும் அவர் வாய்க்காலில் மருந்து இருக்கும். அவர் மீது பழி போடும் கண்காணிப்பு அநியாயமானது. அளவீடு தலைமடை, நடு, கடைமடை மூன்றிலும் ஒரே நாளில் நடந்தால்தான் எங்கே சேர்ந்தது என்று தெரியும்.

3. சேரும் இடம். கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலுக்குப் போகின்றன. நாகை, மயிலாடுதுறைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் கழிமுக நீரை எடுக்கின்றன. இறாலும் பூச்சியைப் போலவே கணுக்காலி. பூச்சியைக் கொல்லும் மருந்து அதையும் மிகக் குறைந்த அளவில் தாக்கும். சென்னைக்கு 2004 முதல் நீர் தரும் வீராணத்துக்கு வடவாறு வழியே வரும் ஆற்று நீரோடு, செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை போன்றவற்றின் மழைநீரும் வருகிறது. காயலுக்கும் இறால் பண்ணைகளுக்கும் நீர்வாழ் உயிர்களின் வரம்பு, வீராணத்துக்குக் குடிநீரின் வரம்பு. ஒரே அட்டவணையை இரண்டுக்கும் போட முடியாது.

இந்தியாவில் தேசிய அளவில் நடக்கும் பூச்சிக்கொல்லி எச்சக் கண்காணிப்பு காய்கறி, பழம், பால், தானியம் ஆகியவற்றையே பெரிதும் மையமாகக் கொண்டது. அது அவசியமானது. ஆனால் சந்தையில் எடுத்த கத்தரிக்காய், அது விளைந்த வயலின் வடிகாலைப் பற்றி எதுவும் சொல்லாது. வடிநீருக்குத் தனி ஏற்பாடு தேவை. அதைச் சிறிதாகத் தொடங்கலாம். முதல் கட்டமாக நீர்ப்பூச்சிச் சோதனை, அதில் நஞ்சு தெரிந்த மாதிரிகளுக்கு மட்டும் செலவு மிகுந்த கருவி ஆய்வு என்று பிரித்தால் பணமும் கட்டுப்படும். எந்த மருந்தைத் தேட வேண்டும் என்பதற்கு அந்த வட்டத்து உரக்கடைகளின் விற்பனைப் பதிவே பட்டியல்.

நேரத்தைப் பிடிப்பதுதான் கடினம். நடவுக்குப் பின் முதல் கனமழையில், கடைமடை இயக்கணையின் ஷட்டர் ஏறும் மணி நேரத்தில் எடுத்த ஒரு பாட்டில், மற்ற நாள்களில் எடுத்த பல பாட்டில்களை விடக் கூடுதலாகச் சொல்லும். அந்த மணி நேரம் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆய்வகத்துக்குத் தெரியாது. ஷட்டரை ஏற்றும் லஸ்கருக்குத் தெரியும். பழுப்புப் பாட்டில்களும் ஐஸ் பெட்டியும் பயிற்சியும் அதற்கான தனிப்படியும் அவருக்குப் போக வேண்டும், ஷட்டர் திறந்த நேரம் பாட்டிலின் சீட்டில் எழுதப்பட வேண்டும்.